ஹை-எண்ட் ஹெட்ஃபோன்: எந்தச் சுபாவம் உங்க காதுக்குத் தோதுப்படும்?

"சென்ஹைசர் 800 எஸ்ஸா, ஆடிஸி எல்சிடி-எக்ஸா, ஒரே வார்த்தைல சொல்லு"ன்னு போன மாசம் நண்பர் ஒருத்தர் புடிச்சுக்கிட்டார். ரெண்டு மாசமா ரிவ்யூ படிச்சு, வீடியோ பாத்து, கிராஃப் எல்லாம் எடுத்து வெச்சிருக்கார், ஒருத்தர் ப்ரைட்டு (உச்ச ஸ்தாயி தூக்கல்)ங்கறார், இன்னொருத்தர் அதே ஹெட்ஃபோன ஸ்மூத்துங்கறார், படிக்கப் படிக்க கொழப்பம்தான் ஏறுது. நான் பதிலுக்கு ஒண்ணுதான் கேட்டேன், இப்ப வெச்சிருக்கறதுல எது உங்களுக்கு உறுத்துது? கொஞ்சம் யோசிச்சுட்டு, "பாடறவங்க ‘ச’ ‘ஷ’ன்னு சொல்றப்பல்லாம் ஊசி மாதிரி குத்துது, அப்புறம் ஒரு மணி நேரத்துல கண்ணாடிக் கம்பி காதுக்குப் பின்னாடி அழுத்தி வலிக்குது"ன்னார். ரெண்டு மாச ரிவ்யூவ விட இந்த ஒரு பதில்ல விஷயம் ஜாஸ்தி.

இந்த ரேஞ்சுல வர்ற ஹெட்ஃபோன் பெரும்பாலும் நல்லாதான் இருக்கும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுபாவம் உண்டு, அந்த சுபாவத்தோடவே ஒரு குறையும் ஒட்டிக்கிட்டு வரும். எது பிடிச்சிருக்குன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுரும், எதை சகிச்சுக்க முடியலன்னு தெரிய மூணு மணி நேரம் ஆகும், நாம எல்லாரும் அந்த பத்து நிமிஷத்த வெச்சுதான் முடிவெடுக்கறோம். நானும் அப்படித்தான் ஒருதரம் மாட்டினேன். டெமோல போட்டதும் சிம்பல் எல்லாம் பளபளன்னு, இதுவரைக்கும் கேக்காததெல்லாம் கேக்குற மாதிரி, உடனே வாங்கிட்டேன். மூணாவது வாரம் பாட்டு கேக்கவே மனசு வரல, ஏன்னு புரியவும் இல்ல. பழைய ஹெட்ஃபோன ஒருநாள் எடுத்துப் போட்டப்பதான் ‘அப்பாடா’ன்னு இருந்துச்சு. பிராண்ட் பேரு வேண்டாம், அது கெட்ட ஹெட்ஃபோனும் இல்ல, என் காதுக்கு ஒத்துவரல அவ்வளவுதான்.

## மொதல்ல எதையெல்லாம் பாக்கணும்

டோன். இதுதான் அஸ்திவாரம். நம்ம காதுக் குழாயும் மடலும் சேந்து 3 கிலோஹெர்ட்ஸ் (ஸ்தாயி உயரத்தச் சொல்ற அளவு) பக்கம் சத்தத்த இயல்பாவே தூக்கிக் குடுக்கும், மூளை அதுக்குப் பழகிப்போச்சு, அதனால ஹெட்ஃபோனும் அந்த எடத்துல ஏத்திக் குடுத்தாதான் குரல் குரலா கேக்கும். கம்மியா குடுத்தா பாடறவர் திரைக்குப் பின்னாடி நிக்கற மாதிரி, ஜாஸ்தியா குடுத்தா மூஞ்சிக்கு முன்னாடி வந்து கத்தற மாதிரி. ஹார்மன் கம்பெனில ஷான் ஆலிவ்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு நெறைய பேர கேக்க வெச்சு சோதிச்சு, எந்த ஸ்தாயி எவ்வளவு சத்தமா இருந்தா பிடிக்குதுன்னு ‘ஹார்மன் டார்கெட்’னு ஒரு வளைவு போட்டாங்க, ஓவர்-இயருக்கு (காத முழுசா மூடற வகை) 2018ல திருத்தின வடிவம்தான் இப்ப எல்லா கிராஃபுலயும் பின்னாடி புள்ளிக்கோடா ஓடுது. அத வேதமா எடுத்துக்க வேண்டாம். உங்களுக்கு ஏற்கனவே பிடிச்ச ஹெட்ஃபோன் அந்தக் கோட்ட விட்டு எங்க விலகுது, வாங்கப் போறது எங்க விலகுதுன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அதுக்கு உபயோகப்படும். செயற்கைக் காது வெச்சு அளக்கற மெஷின்ல, ஒரே மெஷின்ல எடுத்த கிராஃபுகள மட்டும்தான் ஒப்பிடணும், வேற வேற மெஷின் காது வேற வேற மாதிரி காட்டும். 8, 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேல கிராஃப் காட்டறது அந்த மெஷினோட காது, உங்களுது இல்ல.

ட்ரெபிள் (உச்ச ஸ்தாயி) உறுத்தல். ‘ச’, ‘ஷ’ சத்தம் எல்லாம் கிட்டத்தட்ட 5லேருந்து 8 கிலோஹெர்ட்ஸுக்குள்ள விழுது. அங்க ஒரு சின்ன மேடு இருந்தா டெமோல ‘டீடெய்ல்’னு தோணும், வீட்ல ‘தலைவலி’ன்னு தோணும். இதுல இன்னொரு சிக்கல், எவ்வளவு சத்தமா கேக்கறீங்கங்கறது. மெதுவா கேக்கும்போது நம்ம காதுக்கு பேஸும் உச்சத்துல இருக்கற ட்ரெபிளும் கொறஞ்சு தெரியும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1933லயே அளந்து காட்டின விஷயம் இது. அதனால ராத்திரி மெதுவா கேக்கறவருக்கு சுகமா இருக்கற ஹெட்ஃபோன், வால்யூம் ஏத்திக் கேக்கறவருக்குக் குத்தும். ரிவ்யூ பண்றவர் எந்த வால்யூம்ல கேட்டார்னு யாரும் சொல்றதே இல்ல, பாதி சண்டை இதுனாலதான்.

பேஸ். அளவு வேற, ஆழம் வேற, அடி வேற. மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம் கேட்டுப் பாருங்க. கையால இழுக்கும்போது அந்த ‘கும்’ வளைஞ்சு ஏறுதே, அந்த வளைவு தெரியுதா, இல்ல வெறும் ‘தொம்’முன்னு ஒரு கட்டியா விழுதா? கட்டியா விழுந்தா அளவு இருக்கு, தெளிவு இல்ல.

ஸ்டேஜ். ஹெட்ஃபோன்ல உண்மையான மேடை எல்லாம் கிடையாது, காதுலேருந்து கொஞ்சம் தள்ளி நிக்கற மாதிரி ஒரு தோற்றம், அவ்வளவுதான். சிலருக்கு இது உசுரு, எனக்கு நாலாவது எடம்.

எடையும் பிடிப்பும். கண்ணாடி போடறவங்க இத மொதல் எடத்துக்குத் தூக்கிருங்க. பேடுக்கும் (காதச் சுத்தி உக்கார்ற மெத்தை) தோலுக்கும் நடுவுல கம்பி போற எடத்துல சின்ன இடைவெளி விழும், அது வழியா ஆழமான பேஸ் ஓடிரும், சில டிசைன்ல இந்த நஷ்டம் ரொம்பப் பெருசு.

கூட வர்ற செலவு. ஆம்ப் (ஹெட்ஃபோனுக்கு சக்தி குடுக்கற பெட்டி), டாக் (டிஜிட்டல் பாட்ட மின் அலையா மாத்தற பெட்டி), கேபிள், ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் பேட். இதப்பத்தி ஒவ்வொண்ணுலயும் சொல்றேன்.

## ஒப்பிடறதுக்கு முன்னாடி வால்யூம் சமம் பண்ணுங்க

இத செய்யாம எந்த ஒப்பீடும் செல்லாது. ரெண்டு ஹெட்ஃபோன்ல ஒண்ணு 1 டெசிபல் சத்தமா இருந்தாலே, ‘சத்தமா இருக்கு’ன்னு தோணாது, ‘தெளிவா இருக்கு, உசுரோட இருக்கு’ன்னு தோணும். அதனால பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த ‘ஸ்ஸ்’ சத்தம்) போட்டு, ஃபோன்ல ஒரு சத்த மீட்டர் ஆப் வெச்சு, ஒரு அட்டைல ஓட்டை போட்டு அதுல மைக்க நுழைச்சு பேட அட்டை மேல அழுத்திப் பாருங்க. லேபரட்டரி துல்லியம் வராது, மொத்தமா ஏமாறாம தப்பிக்கலாம். டெமோ கடைல இதெல்லாம் முடியாதுன்னா, ஒவ்வொண்ணுலயும் பாடறவர் குரல் ஒரே அளவு கேக்கற வரைக்கும் திருகிட்டு அப்புறம் கேளுங்க.

அடுத்தது, மாத்தி மாத்தி பத்து செகண்ட் கேக்காதீங்க. பிரைட்டான ஒண்ணுலேருந்து எடுத்து டக்குனு டார்க்கான (உச்சம் அடங்கின) ஒண்ண போட்டா எதுவா இருந்தாலும் போர்வை போத்தின மாதிரிதான் இருக்கும். ஒண்ண இருபது நிமிஷம் கேட்டு காது பழகினப்புறம்தான் அது என்னன்னு பேச முடியும். ‘பர்ன்-இன்’னு (ஓட ஓட ஹெட்ஃபோன் சத்தம் மாறும்னு) சொல்றதுல பாதிக்கு மேல இந்தப் பழக்கம்தான்னு நான் நெனைக்கறேன், சண்டைக்கு வராதீங்க. அப்புறம் சோதிக்க எடுத்துட்டுப் போற பாட்டுல பாதியாவது மோசமான ரெக்கார்டிங்கா இருக்கட்டும். நல்ல ரெக்கார்டிங் எல்லாத்துலயும் நல்லாதான் இருக்கும், நீங்க தினமும் கேக்கறது பழைய கரகர பாட்டுன்னா அதுதான் பரீட்சை.

## சென்ஹைசர் ஹெச்டி 800 எஸ்: திறந்தவெளி

56 மில்லிமீட்டர் ரிங் ரேடியேட்டர் (வளைய வடிவ) டிரைவர், அதாவது சத்தம் எழுப்பற பாகம், காதுக்கு சாய்வா, தள்ளி வெச்சிருப்பாங்க, கப்புக்குள்ள காது எதுலயும் படாது. அதனால வர்ற அகலம் மத்ததுல கெடைக்கறது கஷ்டம். பெரிய ஆர்கெஸ்ட்ரா, லைவ் கச்சேரி ரெக்கார்டிங், கேம், இதுக்கெல்லாம் எங்கேருந்து எது வருதுன்னு கையால சுட்டிக் காட்டலாம். 2009ல வந்த பழைய 800ல 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர் இருந்துச்சு, எஸ் மாடல்ல கப்புக்குள்ள ஒரு அப்சார்பர் வெச்சு அத மழுக்கினாங்க. மழுங்கிச்சு, காணாமப் போகல. ‘ச’ குத்தறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் குத்தும். ஆழமான பேஸும் மெல்ல மெல்ல கொறஞ்சுரும்.

எடை 330 கிராம், தலைல இருக்கறதே மறந்து போகும், இந்த விஷயத்துல இதுக்கு முழு மார்க்.

பின்னாடி வர்ற செலவு ஆம்ப். 300 ஓம் இம்பீடன்ஸ் (மின் தடை), 1 வோல்ட்டுக்கு 102 டெசிபல். கச்சேரில திடீர்னு எழும்பற உச்சத்துக்கு 110 டெசிபல் எட்டணும்னா 2.5 வோல்ட் வேணும், ஃபோன்ல செருகற சாதாரண டாங்கிள் 1 வோல்ட் பக்கத்துலயே நின்னுரும். கரண்ட் ஜாஸ்தி தேவையில்ல, வோல்ட்தான் தேவை, அதனால சுமாரான டெஸ்க்டாப் ஆம்பே போதும். இதுல ஒரு ருசியான விஷயம் என்னன்னா, இந்த டைனமிக் (காயில் வெச்ச வழக்கமான வகை) டிரைவருக்கு பேஸ் பகுதில இம்பீடன்ஸ் 300ஐ விட நல்லா மேல ஏறும், அதனால அவுட்புட் இம்பீடன்ஸ் ஜாஸ்தியா இருக்கற ஓடிஎல் (அவுட்புட்ல டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத) ட்யூப் ஆம்புல மாட்டினா அந்த எடத்துல சத்தம் கொஞ்சம் தூக்கிக் குடுத்து உடம்பு வெக்கும். ட்யூப் மேஜிக்குனு சொல்றதுல ஒரு பங்கு வெறும் ஓம் விதிதான்.

## ஆடிஸி எல்சிடி-எக்ஸ்: அடித்தளம்

(எழுத்துக்கூட்டிப் படிச்சா வேற மாதிரி வரும், சொல்றது ஆடிஸின்னுதான்.) 106 மில்லிமீட்டர் பிளானர். மெல்லிய ஃபிலிம் மேல கம்பித் தடம் பதிச்சு, காந்த வரிசைக்கு நடுவுல தொங்க விட்டிருப்பாங்க, ஃபிலிம் மொத்தமும் ஒண்ணா அசையும். அதனால பேஸ் ஆழத்துல போயும் கொறையாம நேர்கோடா நிக்கும், டிஸ்டார்ஷனும் கம்மி. தொப்பியோட வளைவு, பேஸ் கிட்டார் நரம்போட உரசல் எல்லாம் இதுல கேட்டப்புறம் மத்தது கொஞ்சம் வெறுமையா தெரியும்.

குறை? குரலுக்கு மேல் பகுதில ஒரு பள்ளம், பாடறவங்க ஒரு அடி பின்னாடி தள்ளி நிப்பாங்க, வயலின் கூர்மை கொஞ்சம் மந்தமாகும். ‘ச’ குத்தறவருக்கு அதே பள்ளம்தான் வரப்பிரசாதம். பிளானருங்கறதால ஈக்யூவ (ஸ்தாயி வாரியா சத்தத்த ஏத்தி எறக்கறது) நல்லா தாங்கும், ரெண்டு மூணு ஃபில்டர் போட்டா வேற ஹெட்ஃபோனாவே மாறிரும். ஈக்யூ போட சோம்பேறித்தனம், இல்ல அது பாவம்னு நெனைக்கற ஆளுன்னா இத நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

எடை 612 கிராம். 800 எஸ்ஸ விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. மூணு மணி நேரம் கழிச்சு கழுத்து சொல்லும். பேட் பசை போட்டு ஒட்டினது, மாத்தும்போது சொரண்டி எடுக்கணும். இந்த ஆழமான பேஸ் எல்லாம் பேட் காத்துப் புகாம ஒட்டி உக்காந்தாதான், கண்ணாடிக் கம்பி நடுவுல வந்தா பாதிய மறந்துருங்க. ஆம்புக்கு மட்டும் கவலையே இல்ல, 20 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 103 டெசிபல், எதுலயும் ஓடும். ஆனா மேல சொன்ன ஓடிஎல் ட்யூப்ல மட்டும் போடாதீங்க, ஜோடியே பொருந்தாது.

## ஃபோக்கல் உட்டோபியா: அடி

2016ல வந்தது, 40 மில்லிமீட்டர் பெரிலியம் டோம், எம் எழுத்து வடிவத்துல. ஸ்னேர் டிரம்மு, பியானோ சாவிய ஓங்கித் தட்றது, கிட்டார சுண்டறது, அந்த மொதல் தொடக்கம் மூஞ்சில வந்து அடிக்கும். மெதுவான சத்தத்துலேருந்து பெரிய சத்தத்துக்கு ஒரு தாவு தாவும் பாருங்க, அதுதான் இதோட உசுரு. மெதுவான வால்யூம்லயும் உயிர்ப்பா இருக்கும், ராத்திரி ஆசாமிகளுக்கு இது பெரிய விஷயம்.

மேடை சின்னது, எல்லாம் நெத்திக்குப் பக்கத்துலயே நடக்கும். 490 கிராம், ஆனா பேண்ட் எடைய நல்லா பரப்பிருது. 80 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 104 டெசிபல், ஆம்ப் செலவு மிச்சம். பேட்தான் செலவு வெக்கும், ஆட்டுக்குட்டித் தோல், வேர்வை ஜாஸ்தி வர்றவங்க வருஷக்கணக்க கொஞ்சம் சுருக்கிப் போட்டுக்கோங்க.

## ஹைஃபைமேன் சுஸ்வரா: காத்தாட்டம், ஆனா பசி

பேரக் கேட்டதும் நம்மாளு மாதிரி இருக்கு. பிளானர்தான், ஆனா ஃபிலிம் அவ்வளவு மெல்லிசு, எல்சிடி-எக்ஸோட கனம் இதுல இல்ல, லேசா, விரிஞ்சு, ஒவ்வொரு வாத்தியத்தச் சுத்தியும் காத்து இருக்கற மாதிரி. தம்புராவ கேட்டா ஒவ்வொரு நரம்பும் அடங்கற வரைக்கும் தனித்தனியா பின்தொடரலாம். டோன்ல பெருசா குத்தம் சொல்ல எனக்கு எதுவும் தோணல.

ஆனா இதோட விலை டப்பால எழுதினது மட்டும் இல்ல. 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான் குடுக்கும். 800 எஸ்ஸுக்குச் சொன்ன அதே 110 டெசிபல எட்ட 27 டெசிபல் மேல போகணும், அதாவது 500 மில்லிவாட். எல்சிடி-எக்ஸுக்கு அதுக்கு 5 மில்லிவாட் போதும். நூறு மடங்கு! ஸ்பீக்கர் ஆம்புல மாட்டிக் கேக்கறவங்க எல்லாம் பைத்தியக்காரங்க இல்ல, கணக்கு அப்படி. பத்தாத ஆம்புல போட்டா சத்தம் வரும், உச்சத்துல தாவறது மட்டும் வராது, அத கேட்டுட்டு ‘இது சப்புன்னு இருக்கு’ன்னு எழுதினவங்க எத்தன பேரோ. நல்ல ஆம்பு வாங்கற உத்தேசம் இல்லன்னா இந்தப் பக்கமே வர வேண்டாம்.

## ஸ்டாக்ஸ் எலக்ட்ரோஸ்டாட்டிக்: இது ஹெட்ஃபோன் இல்ல, ஒரு கல்யாணம்

எஸ்ஆர்-009எஸ், எஸ்ஆர்-எக்ஸ்9000 மாதிரி. ஓட்டை போட்ட ரெண்டு தகடுக்கு நடுவுல, காயில் இல்லாம, மின்னேத்தம் மட்டும் உள்ள ஒரு ஃபிலிம், 580 வோல்ட் பயாஸ்ல (ஃபிலிம்ல எப்பவும் நிக்கற மின்னழுத்தம்). அசைய வேண்டிய எடை கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, அதனால பாடறவர் மூச்சு இழுக்கறது, வில்லு நரம்புல திரும்பற அந்த நொடி, எல்லாம் துளித்துளியா வரும். அடி மட்டும் மெத்துனு இருக்கும். டிரம்ஸ், எலக்ட்ரானிக் கேக்கறவங்களுக்கு ‘எல்லாம் கேக்குது, எதுவும் இடிக்கல’ன்னு ஒரு ஏமாத்தம் வரலாம்.

சாதாரண ஆம்ப் எதுலயும் போட முடியாது, அஞ்சு முள்ளு ப்ளக்கு, தனி எனர்ஜைசர் (இதுக்குன்னே செஞ்ச ஆம்ப்). நாளைக்குப் பிடிக்கலன்னா ரெண்டையும் சேத்து விக்கணும். தூசி, ஈரப்பதம் ரெண்டும் இதுக்கு ஆகாது. போட்டுட்டு தலைய திருப்பினா கப்புக்குள்ள காத்து அழுந்தி ‘புஸ்’ஸுனு ஒரு சத்தம் வேற வரும், ரிப்பேர்னு பயந்துராதீங்க, சுபாவமே அதுதான்.

## மூடின கப்பு வேணும்னா

மேல சொன்ன அஞ்சும் திறந்த வகை, பக்கத்துல ஒருத்தர் தூங்கினா அவருக்கும் பாட்டு கேக்கும். அந்த நெலமை இருந்தா டான் கிளார்க் ஆடியோ ஸ்டெல்த் பாருங்க, 2021ல வந்தது, 415 கிராம், டிரைவருக்கு முன்னாடி ஒரு சல்லடை மாதிரி அமைப்பு வெச்சு மூடின கப்புல வர்ற எதிரொலிய அடக்கறாங்க, ஹார்மன் வளைவ ரொம்ப ஒட்டிப் போகும். ஆம்ப் சக்தி நல்லா கேக்கும். சிலருக்கு ரொம்ப ஒழுங்கா, கொஞ்சம் உணர்ச்சி இல்லாம தோணுது, அது தப்பில்ல.

## ஒரே பார்வைல

| | எங்க ஜெயிக்கும் | எங்க உறுத்தும் | எடை | கூட வர்ற செலவு |
|---|---|---|---|---|
| ஹெச்டி 800 எஸ் | அகலம், சௌகரியம் | ‘ச’ கூர், ஆழ பேஸ் கம்மி | 330 கிராம் | வோல்ட் குடுக்கற ஆம்ப் |
| எல்சிடி-எக்ஸ் | பேஸ், ஈக்யூ தாங்கறது | குரல் பின்வாங்கல், கழுத்து | 612 கிராம் | ஒட்டற பேட், ஈக்யூ நேரம் |
| உட்டோபியா | அடி, மெதுவா கேட்டாலும் உயிர் | சின்ன மேடை | 490 கிராம் | தோல் பேட் |
| சுஸ்வரா | டோன், காத்தோட்டம் | அடி கொஞ்சம் லேசு | 450 கிராம் | பெரிய ஆம்ப் |
| ஸ்டாக்ஸ் | நுணுக்கம் | அடி இல்ல | மாடலப் பொறுத்து | தனி எனர்ஜைசர் |
| ஸ்டெல்த் | சத்தம் வெளிய போகாது | கொஞ்சம் உலர்ந்த மாதிரி | 415 கிராம் | சக்தியுள்ள ஆம்ப் |

## அப்ப யாருக்கு எது

இதுவரைக்கும் நல்ல ஹெட்ஃபோன் எதுவுமே வெச்சிருந்ததில்லன்னா இந்த ஆறையும் விடுங்க. சென்ஹைசர் ஹெச்டி 600, இல்லன்னா 650 வாங்கி ஒரு வருஷம் கேளுங்க. 600 வந்தது 1997ல, இன்னிக்கும் குரலுக்கு அத ஒரு அளவுகோலா வெச்சுதான் மத்தத பேசறாங்க. 260 கிராம், பேட், கேபிள் எல்லாம் கழட்டி மாத்தலாம். ஒரு வருஷம் கழிச்சு அதுல எது கொறையுதுன்னு உங்களுக்கே தெரியும். பேஸ் ஆழம் கொறையுதுன்னா எல்சிடி-எக்ஸ் பக்கம், மேடை கொறையுதுன்னா 800 எஸ் பக்கம், ஒண்ணும் கொறையலன்னா காசு மிச்சம், யார்கிட்டயும் சொல்லாதீங்க.

குரலும் வயலினும் மட்டுமே கேக்கறவர், ஒரே எடத்துல உக்காந்து கேக்கறவர், ஸ்டாக்ஸ் ஒருதரம் கேட்டுப் பாருங்க. ராக், ஜாஸ், டிரம்ஸ்னா உட்டோபியா. எல்லாமே கேப்பேன், ஈக்யூ போடத் தெரியும்னா எல்சிடி-எக்ஸுக்கு மேல செலவு பண்றதுல எனக்கு பெருசா நியாயம் தெரியல. ஈக்யூவால டோன சரி பண்ணலாம், எடையையும் பிடிப்பையும் சரி பண்ண முடியாது, அதனால சத்தத்துல கொஞ்சம் விட்டுக்குடுத்தாலும் தலைல உக்கார்றதுல விட்டுக்குடுக்காதீங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா மோனோல (ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்) ஒரு குரல் ஓட விடுங்க, சரியா நடுவுல நிக்கணும், ஒரு பக்கம் சாஞ்சா டிரைவரோ பேடோ போயிருக்கு. பேட் தட்டையாகியிருந்தா அத வெச்சு சுபாவத்த எடை போடாதீங்க, காதுக்கும் டிரைவருக்கும் தூரம் கொறஞ்சாலே டோன் மாறிரும், புது பேட் போட்டதும் வேற ஹெட்ஃபோன் மாதிரி கேக்கும்.

நண்பர் கதைக்கு வர்றேன். ‘ச’ குத்தக்கூடாது, அதனால எல்சிடி-எக்ஸ்னுதான் தோணும், ஆனா கண்ணாடி இருக்கு, 612 கிராம் இருக்கு. 800 எஸ் கம்பிய அழுத்தாது, லேசு, ஆனா அந்த 6 கிலோஹெர்ட்ஸ். ரெண்டையும் கண்ணாடியோட ஒரு மணி நேரம் போட்டு உக்காரச் சொன்னேன். எல்சிடி-எக்ஸ நாப்பதாவது நிமிஷம் கழட்டிட்டார். 800 எஸ்ஸுக்கு 6 கிலோஹெர்ட்ஸ்ல 3 டெசிபல் கொறைச்சு ஒரு ஈக்யூ, கீழ பேஸுக்கு ஒரு சின்ன ஷெல்ஃப் (அந்தப் பகுதிய மொத்தமா தூக்கற ஃபில்டர்) போட்டுக் குடுத்தேன், இப்ப அதான் ஓடுது. நேத்து கூப்பிட்டு, "இதுக்கு ட்யூப் ஆம்ப் எது நல்லாருக்கும்"ங்கறார்.